மூச்சின் கணக்கு

முதல் இரவு

பேத்திக்கு இன்று நாலு மாதமும் ஒன்பது நாளும். சாயங்காலம் ஏணையில் கிடந்தபடியே இரண்டு தரம் தும்மினாள். மூன்றாவது தும்மலில் மூக்கு நுனியில் ஒரு சொட்டு நீர் வந்து நின்றது. துடைத்தேன், திரும்ப வந்தது. பத்து மணிக்கெல்லாம் மூக்கு அடைத்துக்கொண்டது.

மகள் இரவு ஷிஃப்டுக்குப் போயிருக்கிறாள். மலேசியாவில் பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60 நாள்தான். 2023 ஜனவரியிலிருந்து கூட்டினார்கள். அந்த 98 நாளும் முடிந்து அவள் கம்பெனிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. அவள் இல்லாத நேரத்துக்குப் பிள்ளை என் பொறுப்பு. பீச்சி வைத்துவிட்டுப் போன பால் ஐஸ்பெட்டியில் மூன்று புட்டிகளில் இருக்கிறது.

ஒரு புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். மூன்று இழுப்பு குடித்தாள். விட்டாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மறுபடி மூன்று இழுப்பு. அப்புறம் நாக்கால் காம்பைத் தள்ளிவிட்டு அழுதாள். பசியும் கோபமும் கலந்த அழுகை.

கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். முதல் சில மாதங்களுக்கு அதன் தொண்டை அமைந்திருப்பதே அப்படி. குரல்வளை நமக்கு இருப்பதைவிட மேலே ஏறி நிற்கிறது. பால் குடிப்பதும் மூச்சு விடுவதும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் நடக்கின்றன. மூக்கு அடைத்தால் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. ஒன்று குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மூச்சு விடவேண்டும். பெரியவர்களுக்குச் சளி ஒரு தொல்லை. இவளுக்கு அது பட்டினி.

உப்புத் தண்ணீர் மருந்துக்கடையில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டேன். ஒரு நிமிடம் தோளில் சாய்த்துக் காத்திருந்தேன், உள்ளே காய்ந்தது ஊறட்டும் என்று. சளி எடுக்கும் ரப்பர் உருண்டையை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு, அமுக்கியபடியே மூக்கின் வாசலில் வைத்து, மெல்ல விரலைத் தளர்த்தவேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் காற்று சளியைப் பின்னால் தள்ளிவிடும். அவள் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து இழுப்பு விடாமல் குடித்தாள். எண்ணினேன்.

இரண்டாம் நாள்

அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டியவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. கண் மட்டும் கழுகுக் கண்.

விடிந்ததும் பின்கட்டுக்குப் போய், மில்க் டின்னில் வளர்க்கும் கற்பூரவள்ளியிலிருந்து ஓர் இலை கிள்ளிவந்தார். அடுப்பு நெருப்பில் காட்டினார். இலை வதங்கி, ரோமம் பொசுங்கி, பச்சை கறுத்தது. ஆறட்டும் என்று ஊதி, தன் புறங்கையில் வைத்துப் பார்த்து, அப்புறம் என் புறங்கையிலும் வைத்துப் பார்த்து, பிள்ளையின் நெற்றியில் வைத்தார். வீடு முழுக்க அந்த வாசனை.

“இதுக்கும் மிஸ்ஸி ஏதாச்சும் சொல்லுவாங்களா?” மிஸ்ஸி என்றால் கிளினிக் நர்ஸ்.

“இது இருக்கட்டும்மா. உள்ளுக்குக் கொடுக்காம இருந்தா போதும்.”

அம்மாவின் மருந்துகளில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதுதான் எனக்கு இந்த வீட்டில் மிகக் கடினமான வேலை. எல்லாமே அன்பிலிருந்து வருகின்றன. அவற்றில் சில ஆபத்தானவை. வசம்பை அம்மா இரவில் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார். ‘பேர் சொல்லாதது’ என்பார். அதைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெயர் சொல்லாமலே கேட்டேன். சரி என்றார். தேனும் வேண்டாம் என்றேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் தூங்கிக்கிடக்கும் ஒரு கிருமி குழந்தையின் குடலில் விழித்துக்கொண்டு நஞ்சு சுரந்து நரம்பைத் தளர்த்திவிடலாம். இதை அம்மா நம்பவில்லை. நம்பாமலும் விட்டுக்கொடுத்தார். அது பெரிய மனசு.

கற்பூரத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அது என் தவறு, அம்மாவுக்கும் தெரியும். 1998-இல், இப்போது ஷிஃப்டில் நிற்கிறாளே, அவள் கைக்குழந்தை. நெஞ்சுச் சளி என்று தேங்காய் எண்ணெயில் சூடக் கட்டிகளைப் போட்டுக் காய்ச்சி மார்பிலும் முதுகிலும் சூடுபறக்கத் தேய்த்தேன். மறுநாள் கிளினிக்கில் மிஸ்ஸி முகர்ந்து பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடம்புக்குள் போகும்; சின்னப் பிள்ளைக்கு வலிப்பே வரலாம் என்றார். தைலங்களும் அப்படித்தான், இரண்டு வயதுவரை கிட்டே கொண்டுபோகாதே என்றார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு நான் காரணமில்லை.

இந்தப் பேத்தி பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி குறைவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அது வழக்கம். அந்தக் குறை உள்ள பிள்ளைக்குத் துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் வாசம்கூட இரத்தத்தைச் சிதைக்கும். இவளுக்கு இல்லை. ஆனாலும் அலமாரியிலிருந்த உருண்டைகளையெல்லாம் அன்றைக்கே பொறுக்கி எறிந்துவிட்டேன்.

சாம்பிராணிச் சட்டி பரணுக்குப் போயிற்று. கொசுவத்தியும் இல்லை, வலைதான்.

அதே நாள், மதியம்

சளிக்கு மருந்தில்லை. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று பிள்ளைகளும் ஒரு பேத்தியும் ஆயிற்று.

சுமார் 200 வகைக் கிருமிகள் சளியை உண்டாக்குகின்றன. எல்லாமே வைரஸ். ஆன்டிபயாடிக் இவற்றை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் நாலாம் நாளில் மூக்குச் சளி மஞ்சளாகி, பச்சையாகும். பார்க்கப் பயமாக இருக்கும். அது உடம்பு சண்டை போடுவதன் நிறம். முதல் இரண்டு வருஷங்களில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு எட்டு முறை இது வரும். ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் இன்னும் ஒரு வாரம் இழுக்கும்.

கடையில் வண்ண வண்ணமாய்ச் சிரப்புகள் இருக்கின்றன. 2008-இலேயே அமெரிக்க மருந்துத் துறை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுக்கக்கூடாது என்று எச்சரித்தது. சளியை அவை குறைப்பதில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கின்றன, அவ்வளவுதான். மூக்கடைத்த பிள்ளை ஆழ்ந்து தூங்குவது நமக்கு நிம்மதி. அதற்கு நல்லதா?

அப்படியானால் என்னதான் கொடுப்பது? கொஞ்சங்கொஞ்சமாய்ப் பால், அடிக்கடி. உப்புச் சொட்டு. தோளில் நிமிர்த்திப் பிடித்தல். ஈரமான பாம்பர்ஸ் எத்தனை என்ற கணக்கு. கை கழுவுதல். பார்த்துக்கொண்டே இருத்தல். யாரோ ஒருவருடைய நேரத்தைத்தான் பிள்ளைக்கு மருந்தாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது. தையல் மெஷினை உறைபோட்டு மூடிவிட்டேன். தீபாவளிக்கு ஏழு ரவிக்கை ஒப்புக்கொண்டிருந்தேன். நாலு பேரிடம் முடியாது என்று போனில் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் இரவு

அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் மெல்லக் கிரீச்சிட்டது. நான் கேட்டேன்: “நான் சின்னதில சளி பிடிச்சா நீங்க என்னம்மா செய்வீங்க?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை.

நாலு மணிக்கு எழுந்து சோறாக்கவேண்டும். ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பழம்புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இருட்டில் ஆயாக் கொட்டாய்க்கு நடக்கவேண்டும். லயத்திலிருந்து அது கொஞ்சம் தூரம். பனி இறங்கும். கொட்டாயில் நீளமான உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும், இருபதுக்குக் குறையாமல். பார்த்துக்கொள்ள ஆயா ஒருவர். மூக்கு ஒழுகும் பிள்ளையை அவர் வாங்கத் தயங்குவார். அவரைக் குறை சொல்லமுடியாது என்றார் அம்மா. ஒன்றுக்கு வந்தால் நாளைக்கு இருபதுக்கும் வரும். கெஞ்சிக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடவேண்டும். பேர் போடும் நேரத்துக்கு நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

“மரத்துல பால் இறங்குற நேரத்துக்கு எனக்கும் இறங்கும். ரவிக்கை நனைஞ்சு போயிடும். நீ அங்க கத்திக்கிட்டு இருப்பே.”

“சளி ரொம்ப இருந்தா?”

“ராத்திரி மூக்குல வாய வச்சு உறிஞ்சித் துப்புவேன். நீ கொஞ்சம் குடிப்பே. அப்பறம் மழை வரணும்னு கும்பிட்டுக்கிட்டு படுத்திருப்பேன்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். சீவிய கோட்டில் பால் நிற்காமல் வழிந்து வீணாகும். பால் பிடிக்கும் மங்கில் மழைத் தண்ணீர் விழும். மழை நாளில் வெட்டு கிடையாது. அன்றைக்குக் கூலியும் கிடையாது. ஆனால் வேலைக்கு மட்டம் போட்டவள் என்ற பேச்சு வராது. பிள்ளையோடு வீட்டில் கிடக்கலாம். ஒரு நாள் சோற்றைக் கொடுத்து ஒரு நாள் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கணக்கு அது. அந்தக் கணக்கையும் அம்மா தன் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வானத்திடம் விட்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொல்லியதேயில்லை. ஏணைக் கயிற்றைப் பிடித்த கை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

தோட்டங்களின் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தையில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள், தென்னமரம் என்றே பேர் வைத்த தோட்டம் ஒன்று இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபொகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கேதான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். எந்த மரம் எந்த வருஷம் நட்டது, எப்போது ரப்பர் சாய்ந்து செம்பனை வந்தது என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சளி பிடித்த இரவுகளை யாரும் எழுதவில்லை. இந்த நோட்டை நான் ஏன் எழுதுகிறேன் என்று இன்றைக்குத்தான் எனக்கே கொஞ்சம் தெரிகிறது.

நாலாம் நாள்

குரல் கம்மிவிட்டது. அழுகை பூனைக்குட்டி மாதிரி வருகிறது. அக்குளில் வைத்துப் பார்த்தேன், 37.4. காய்ச்சல் இல்லை. வழக்கமாய்க் குடிப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் குடித்தாள். பாம்பர்ஸ் ஐந்து நனைந்தது.

ஐந்தாம் இரவு

சில கிருமிகள் மூக்கோடு நிற்பதில்லை. ஆர்எஸ்வி என்று ஒன்று. பிள்ளையின் நெஞ்சுக்குள் இறங்கி, நூல் போன்ற கடைசிக் குழாய்களைப் பிடித்துக்கொள்ளும். வருவது சாதாரணச் சளி போலத்தான் வரும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மோசமாகும். அதனால் இன்றைக்குத்தான் கண்ணை மூடக்கூடாத இரவு.

மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டது கிளினிக்கில். சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிடவேண்டும். வயிறு ஏறி இறங்குவது ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணவேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கக்கூடாது, ஏனென்றால் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. கொஞ்சம் விரையும், கொஞ்சம் நிற்கும், பெருமூச்சு விடும். அழும்போதும் குடிக்கும்போதும் எண்ணுவதில் பயனில்லை. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60. உலக சுகாதார நிறுவனம் வைத்த கணக்கு இது. ஸ்டெதஸ்கோப் இல்லாத ஊர்களில் நிமோனியாவைப் பிடிப்பதற்காக வைத்தது.

பதினொன்றரை மணி: 44.

ஒன்றே கால்: 47.

விளக்கைக் குறைத்துவிட்டு எண்ணும்போது எனக்கு வேறு நினைவே இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. விலா எலும்பின் நிழல் தோலில் வந்து மறைகிறது. தொப்புளுக்குமேல் ஒரு சின்ன மச்சம். அது ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்றுமில்லை. இருபத்தாறு, இருபத்தேழு. கோயில் மண்டபத்தில் தியான வகுப்புக்குப் போயிருக்கிறேன். மூச்சைக் கவனி என்பார்கள், மனம் கடைத்தெருவுக்கு ஓடிவிடும். திருமூலரும் மூச்சின் கணக்கைத்தான் பேசுகிறார். அங்கே எண்ணவேண்டியது என் மூச்சு, அது எனக்கு ஒருநாளும் கூடவில்லை. வேறொருத்தியின் மூச்சு என்றதும் மனம் ஓடாமல் நின்றுவிட்டது. முப்பத்தொன்பது, நாற்பது.

மூன்று மணி: 53. தூங்கிக்கொண்டிருக்கிறாள். மறுபடி எண்ணினேன்: 52. விலாவுக்குக் கீழே, மூச்சு இழுக்கும்போது ஒரு குழி விழுகிற மாதிரி இருந்தது. நிழலா, குழியா? டார்ச் அடித்துப் பார்த்தேன். குழிதான், மெலிதாக.

அம்மாவை எழுப்பினேன். “கிளம்பு” என்றார், வேறு ஒரு வார்த்தை இல்லை. மருமகன் கார் எடுத்தான். வழியெல்லாம் செம்பனை, இருட்டுச் சுவர் மாதிரி. மடியில் அவள் மூச்சு என் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் கால் விரலில் கிளிப் மாட்டினார்கள். ஆக்சிஜன் 97. மூக்கை மெஷின் வைத்து ஆழமாக உறிஞ்சினார்கள். வந்தது எவ்வளவு என்பதைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார் டாக்டர், சின்ன வயசுப் பெண். இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். 43-க்கு இறங்கியது. குழியும் இல்லை. வீட்டுக்குப் போகலாம்; குடிப்பது பாதிக்குக் குறைந்தாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு இடையில் நின்றாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டாலோ உடனே வரவேண்டும் என்றார். “சரியான நேரத்துல எண்ணியிருக்கீங்க” என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

ஏழாம் நாள்

குடிக்கிறாள். இருமுகிறாள். சிரிக்கவும் செய்தாள், ஒரு தரம்.

இன்று காலை வடக்கிலிருந்து லேசாகப் புகை வாசம். செக்கிஞ்சான் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் யாராவது வைக்கோலைக் கொளுத்தியிருக்கலாம். ஜன்னல்களைச் சாத்தினேன். சாத்தும்போது கை தானாக வேகம் பிடித்தது.

2005 ஆகஸ்ட். என் கடைசிப் பையனுக்கு அப்போது ஆறு மாதம். சுமாத்ராவில் காடு எரிந்து புகை கடலைத் தாண்டி வந்தது. காற்றுத் தூய்மைக் குறியீடு 500-ஐத் தாண்ட, ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை, கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிகளை மூடினார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. பகலில் சூரியன் செம்பனைப் பழம் மாதிரி தொங்கியது. பையனுக்கு அந்த வாரம் சளி. முகமூடிகளெல்லாம் பெரியவர்களுக்கானவை. கதவிடுக்குகளில் ஈரத் துண்டுகளைத் திணித்து, ஒரே அறையில் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எந்த ஜன்னலைத் திறந்தாலும் புகை, திறக்காவிட்டால் புழுக்கம். அப்போது எனக்கு எண்ணத் தெரியாது. காதை அவன் வாயருகே வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், கேட்பது என்னவென்று தெரியாமல்.

இரண்டு நாளில் அவசரநிலையை எடுத்தார்கள். காற்று திரும்பியது. அவனுக்கும் தேறியது. இப்போதும் புகை வாசம் வந்தால் அவன் எங்கேயிருந்தாலும் போன் போடுவேன். “இங்க ஒண்ணும் இல்லம்மா” என்பான்.

எட்டாம் நாள்

மகளுக்கு லீவு. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு பகல் முழுக்கச் சோபாவிலேயே கிடந்தாள். “நான் இல்லாத நேரமா பார்த்து வந்துச்சே மா” என்று அழுதாள். நான் அவள் தலையைத் தடவினேன். கற்பூர எண்ணெய்க் கதையைச் சொன்னேன். தனக்கா, என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். அம்மா உள்ளிருந்து, “உங்கம்மாவுக்கு நான் அதவிட மோசமா செஞ்சிருக்கேன்” என்றார். என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

பத்தாம் இரவு

புட்டியை விடாமல் காலி செய்தாள். உப்புச் சொட்டு இல்லாமல். ஏப்பம் விட்டாள், அந்தச் சத்தத்துக்கு அவளே கண்ணை அகல விரித்தாள். அடுத்த ஊசி ஐந்தாம் மாதம், கிளினிக் புத்தகத்தில் தேதியைப் பார்த்துக் குறித்துவைத்தேன். சட்டையைத் தூக்கி எண்ணப்போனேன், பழக்கதோஷம். பதினெட்டில் விட்டுவிட்டேன். மச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

விடியற்காலையில் மழை பிடித்தது. தகரக் கூரையில் முதலில் நாலைந்து சொட்டு, பிறகு ஒரேயடியாக. நாலு மணிக்கு எழும் வழக்கம் அம்மாவை இன்னும் விடவில்லை. இருட்டில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“மழையா?”

“ஆமாம்மா. நல்ல மழை.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்து நடந்துவந்து, ஏணைக்குக் கீழே நான் விரித்திருந்த பாயில் முழங்காலை மெல்ல மடக்கிப் படுத்தார். கையை மேலே நீட்டி ஏணைத் துணியைத் தொட்டார்.

“இன்னிக்கு மரம் இல்ல,” என்றார். “நீயும் படு.”